குடத்துள் இடப்படாத ஓலைகள்

நிறைய இருக்கும் பொருளைப் பற்றி எவரும் நியாயம் பேசுவதில்லை. கடற்கரையில் நிற்பவர்கள் காற்றைப் பங்கிட்டுக்கொள்ளச் சபை கூட்டுவதில்லை. கேட்போர் பலராயும் பொருள் சிலவாயும் இருக்குமிடத்திலேயே பங்கு என்ற பிரச்சினை எழுகிறது. அது எழுந்தவுடன் நீதி என்ற பிரச்சினையும் கூடவே எழுந்துவிடுகிறது. யாருக்குக் கொடுப்பது, எந்த அளவுகோலைக் கொண்டு கொடுப்பது, அந்த அளவுகோலை வகுக்கும் உரிமை யாருக்குரியது என மூன்று வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. முதலிரண்டைப் பற்றி நாம் ஓயாது வாதிடுகிறோம். மூன்றாவதை எப்படியோ மறந்துவிடுகிறோம். இக்கட்டுரை அந்த மூன்றாவது வினாவைப் பற்றியது.

ஆராய்வதற்குப் பிரித்தானியாவிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, உதைபந்தாட்டக் கழகங்கள் வெளியூர்ப் போட்டிகளுக்கான நுழைவுச்சீட்டுகளைத் தம் ரசிகருக்குப் பங்கிடும் முறை. மற்றது, 1973 ஜனவரி முதலாந் திகதி ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டில் இணைந்த அந்நாடு, 2016ஆம் ஆண்டின் சர்வசன வாக்கெடுப்பைத் தொடர்ந்து 2020 ஜனவரி 31இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய நிகழ்ச்சி. முன்னது ஓய்வுநாட் பொழுதுபோக்கு. பின்னது கோடிக்கணக்கான மக்களின் தொழிலையும் வாழ்விடத்தையும் தொட்ட அரசியல். இரண்டையும் அருகருகே வைப்பது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் பெரிய விடயத்தில் ஆரவாரங்களுக்குள் மறைந்து கிடக்கும் நியதியொன்று சிறிய விடயத்தில் வெளிப்படையாகத் தெரிவதுண்டு. ஆகவே சிறியதிலிருந்தே தொடங்குவோம்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் விதிகளின்படி, வருகை தரும் கழகம் தன் ரசிகருக்கென 3,000 சீட்டுகளைக் கோரலாம். முப்பதினாயிரம் பேருக்குக் குறைவாக இடமுள்ள மைதானமாயின் பத்திலொரு பங்கு கிடைக்கும். சொந்த மைதானத்தில் ஐம்பதினாயிரம் பேர் கூடும் கழகமொன்றை எண்ணிப் பாருங்கள். அடுத்த ஊருக்கு ஆட்டம் பார்க்கப் போக அவர்களுள் மூவாயிரம் பேருக்கே இடமுண்டு. எஞ்சியோருக்கு இல்லை. அந்த மூவாயிரவர் யாவர்?

மூன்று வழிகள் உள. முதலாவது விலை. யார் கூடப் பணம் கொடுக்கிறாரோ அவருக்கே சீட்டு. சந்தை எப்பொழுதும் தரும் விடை இதுவே. எவரையும் அது வெளியே தள்ளுவதாகச் சொல்வதில்லை. வாசற்படியைச் சற்று உயர்த்திவிட்டுப் பேசாதிருக்கும். இந்த விடையை ஆங்கிலேய ரசிகர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. வெளியூர்ச் சீட்டின் விலை இருபது பவுணுக்கு மேற்படலாகாது என்ற கோரிக்கையுடன் 2013இல் ரசிகர் சம்மேளனம் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. 2016 பெப்ரவரி 6ஆந் திகதி லிவர்பூல் மைதானத்தில், அடுத்த பருவத்திற்கு உயர்ந்தபட்சச் சீட்டு விலை 77 பவுண் என அறிவிக்கப்பட்டதை எதிர்த்து, ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினர். சில நாட்களில் உரிமையாளர்கள் அவ்வறிவிப்பை மீளப்பெற்றனர். மறுமாதமே, வெளியூர்ச் சீட்டின் விலை 30 பவுணை மிஞ்சலாகாது என்று லீக்கின் கழகங்கள் யாவும் இணங்கின. 2016-17 பருவத்தில் தொடங்கிய அவ்வரம்பு பின்னர் மீண்டும் மீண்டும் நீடிக்கப்பட்டது. கோடிகள் புரளும் ஒரு தொழிலில், சந்தையின் விருப்பத்திற்கு மாறாக, கேட்போரின் கூட்டுக்குரல் ஒரு விலையை நிறுத்தி வைத்தது சிறிய சாதனையன்று.

ஆனால் விலை தாழ்ந்தமையால் இடம் பெருகிவிடவில்லை. மூவாயிரம் மூவாயிரமாகவே இருந்தது. விலை என்ற வாயில் மூடப்பட்டதும் மற்றொரு வாயில் முக்கியத்துவம் பெற்றது. அதுதான் பழமை. பல கழகங்களில் ஒவ்வொரு ரசிகருக்கும் விசுவாசப் புள்ளிகள் கணக்கில் வைக்கப்படுகின்றன. ஒரு வெளியூர்ப் போட்டிக்குப் போனால் இத்தனை புள்ளி. கூடிய புள்ளி உடையவர் முதலில் வாங்கலாம். மிஞ்சினால் அடுத்த படியில் உள்ளவர் வாங்கலாம். சீட்டு வேண்டுமாயின் புள்ளி வேண்டும். புள்ளி வேண்டுமாயின் முன்னர் சீட்டு வாங்கியிருத்தல் வேண்டும்.

இம்முறையை எடுத்த எடுப்பிலேயே நிராகரித்தல் தகாது. மாரிகாலத்து வாரநாளொன்றின் இரவில், தோல்வி நிச்சயம் என்று தெரிந்தும், நாடு முழுவதையும் குறுக்கறுத்து இருநூறு மைல் பயணஞ்செய்து, வெற்றுக் கதிரைகளுக்கிடையே நின்று தன் அணிக்காகக் குரல் எழுப்பிய ஒருவன் இருக்கிறான். அணி இறுதிப் போட்டியை நெருங்கும்போது எல்லோரும் ஓடிவருகிறார்கள். அப்பொழுது அவனையும் நேற்று வந்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நன்றி மறத்தலாகும். துன்பத்திற் பங்குகொண்டவனுக்கு இன்பத்தில் முதலுரிமை என்பது மனித குலத்தின் ஆதி உணர்வுகளுள் ஒன்று. தொழிலாளர் இயக்கத்தின் ஒழுக்கமும் அதுவே. வேலைநிறுத்தக் காலத்தில் வாயிலில் நின்றவனுக்கு உள்ள மதிப்பு, வெற்றி கிட்டிய பின்னர் வந்து சேர்ந்தவனுக்கு இல்லை.

எனினும் இவ்வளவுகோலின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். புள்ளிக்கணக்கு விசுவாசத்தை அளப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. உண்மையில் அது அளப்பது விசுவாசத்தை மாத்திரமன்று; ஓய்வையும் பயணச் செலவையும் வயதையும் சேர்த்தே அது அளக்கிறது. இரவு முறை வேலை செய்பவனுக்கும், கைக்குழந்தையுள்ள தாய்க்கும், பதினாறு வயது மாணவனுக்கும் புள்ளி சேர்வதில்லை. அவர்களுக்கு அன்பு குறைவென்பது இதன் பொருளன்று. அன்பைக் காட்டுவதற்கான வசதி அவர்களிடம் இல்லை. இன்னும், புள்ளிக்காகவே சீட்டை வாங்கி அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்போரும் உளர். வாங்கியவர் தாமே நேரில் வந்து அடையாளங் காட்டிச் சீட்டைப் பெறவேண்டும் எனச் சில கழகங்கள் விதித்தது இதனாலேயே. கைமாறிக் கைமாறிப் பல ஆண்டுகள் சென்றால் விசுவாசம் என்பது ஒருவகைச் சொத்தாகிவிடுகிறது. தன் உழைப்பால் ஈட்டியது என ஒரு தலைமுறை உரிமை பாராட்டியது, அடுத்த தலைமுறைக்குத் தாண்டமுடியாத மதிலாகிறது.

இதை எழுதும் நானும் இத்தவறுக்கு அப்பாற்பட்டவனல்லன். சில ஆண்டுகளின் முன் மாணவருடன் கல்விச் சுற்றுலாவொன்று போவதற்கு எனக்கு இருபது இடங்கள் தரப்பட்டன. விரும்பியோர் அறுபதுக்கு மேல். நான் அதிகம் யோசிக்கவில்லை. மாலைநேரத் தமிழ் மன்றக் கூட்டங்களுக்கு ஒழுங்காக வந்தவர்களின் வரவுப் பதிவேட்டை எடுத்து, மேலிருந்து இருபது பெயர்களைத் தெரிந்தேன். அது முற்றிலும் நியாயமானதென்றே அன்று நம்பினேன். வகுப்பில் எல்லோரிலும் ஆர்வமாக வாசிக்கும் ஒரு பெண் அப்பட்டியலில் இல்லை. அவள் முறையிடவுமில்லை. தாய் வேலையால் வரும்வரை தம்பிமாரைப் பார்ப்பதற்காகப் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓடவேண்டியவள் அவள் என்பது பின்னரே எனக்குத் தெரியவந்தது. என் பதிவேடு பொய் சொல்லவில்லை. ஆனால் அது யாருக்கு மாலைப்பொழுது சொந்தமாயிருந்தது என்பதைத்தான் பதிந்திருந்தது.

மூன்றாவது வழி திருவுளச்சீட்டு. விரும்பியோர் எல்லோர் பெயரையும் இட்டுக் குலுக்கி எடுப்பது. இதில் பணம் பேசாது, பழமையும் பேசாது. தமிழ் படித்தவர்களுக்கு இது புதியதன்று. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அவ்விதிகளுள் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. முந்திய மூன்றாண்டுகளுள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்திலிடலாகாது. விசுவாசப் புள்ளிக்கு நேர்மாறான விதி இது. முன்னர் இருந்தவன் இப்பொழுது விலகி நிற்க வேண்டும்.

இதைக் கூறி நம் முன்னோரின் சனநாயகம் என்று பெருமிதங்கொள்வோர் பலர். அவர்கள் அதே கல்வெட்டின் மற்ற வரிகளையும் வாசித்தல் நன்று. குடத்தில் ஓலை இடப்படுவதற்கு ஒருவனுக்குக் கால்வேலிக்கு மேல் இறைநிலம் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு இருத்தல் வேண்டும். வேதக் கல்வி இருத்தல் வேண்டும். அது பிராமணக் குடியிருப்பின் சபை. அந்நிலத்தை உழுதவன் பெயரும், அவ்வூர்ப் பெண்களின் பெயரும் ஓலையில் எழுதப்படவேயில்லை. குடத்துக்குள் நடந்தது பூரணமான சமத்துவம். சிறுவனின் கை பாரபட்சம் அறியாது. அநீதி குடத்துக்குள்ளே நிகழவில்லை; யாருடைய பெயரை ஓலையில் எழுதுவது என்று தீர்மானிக்கப்பட்ட இடத்தில், அச்சிறுவன் அங்கு வருவதற்கு முன்பே அது நிகழ்ந்து முடிந்துவிட்டது.

இவ்வுண்மையைக் கையிற் கொண்டு இப்பொழுது பெரிய விடயத்துக்கு வருவோம். பொருளாதாரக் கூட்டு என்பதும் ஒருவகையிற் பங்கீட்டு ஏற்பாடே. மீன், ஆட்டிறைச்சி, வேலை, வதிவுரிமை ஆகிய எல்லாம் அங்கே பங்கிடப்படுகின்றன. நாம் மேலே கண்ட அளவுகோல்கள் அங்கும் வேறு பெயர்களில் உலாவுகின்றன.

மீனை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியக் கூட்டின் பொது மீன்பிடிக் கொள்கை 1983இல் ஒவ்வொரு நாட்டின் பங்கையும் நிருணயித்தது. 1973 முதல் 1978 வரை யார் எவ்வளவு பிடித்தனர் என்ற பதிவே அதற்கு முக்கிய அடிப்படை. அதாவது விசுவாசப் புள்ளி. அவ்வாண்டுகளிலேதான் ஐஸ்லாந்து தன் கடலெல்லையை இருநூறு மைலாக விரித்தது. ஹல், கிறிம்ஸ்பி முதலிய ஊர்களின் தூரக்கடற் படகுகள் தம் தொழிலை இழந்துகொண்டிருந்தன. தூரக் கடலில் திரிந்தவர்களுக்குக் கரையோரக் கடலில் புள்ளி சேர்ந்திருக்கவில்லை. விளைவாக, ஆங்கிலக் கால்வாயின் கொட் மீனில் பிரான்சின் பங்கு ஏறத்தாழ 84 வீதமாயும் பிரித்தானியாவின் பங்கு 9 வீதமாயும் அமைந்தன. இம்மனக்குறை பொய்யன்று. 2016 யூன் 15ஆந் திகதி, வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னதாக, மீன்பிடிப் படகுகளின் அணியொன்று தேம்ஸ் நதி வழியே பாராளுமன்றத்தின் முன் வந்து நின்றது. 'எங்கள் கடலை எங்களுக்குத் தாருங்கள்' என்பதே அப்படகுகளின் செய்தி.

ஆனால் 'எங்கள்' என்ற அச்சொல்லுக்குள் எவர் இருந்தனர்? பிரசல்ஸ் நகரில் நாடுகளுக்கிடையே பங்கு பிரிக்கப்பட்டது உண்மை. பிரித்தானியாவுக்குக் கிடைத்த பங்கைப் படகுகளுக்கிடையே பிரித்தது பிரசல்ஸ் அன்று, பிரித்தானிய அரசே. 1994 முதல் 1996 வரையிலான பிடிப்புப் பதிவே அதற்கும் அடிப்படையாயிற்று. மீண்டும் அதே விசுவாசப் புள்ளி. பிரித்தானியாவின் மீன்பிடிப் படகுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, பத்து மீற்றருக்குக் குறைந்த சிறு படகுகள். பிடித்த மீனை முறைப்படி பதிந்து கொடுக்கும் கட்டாயம் அக்காலத்தில் அவற்றுக்கு இருக்கவில்லை. பதிவில்லாதவனுக்குப் புள்ளியில்லை, புள்ளியில்லாதவனுக்குப் பங்கில்லை. எண்ணிக்கையிற் பெரும்பான்மையான அப்படகுகளுக்குக் கிடைத்தது மிகச் சிறிய பகுதியே. பெரும்பகுதி பெருங் கம்பனிகளின் கைக்குச் சேர்ந்தது. சிறு படகுக்காரனின் பங்கு குன்றியமைக்குப் பிரான்சிய மீனவன் ஒரு காரணம். அவன் நாட்டின் சொந்தப் பதிவேடு மற்றொரு காரணம். தேம்ஸ் நதியில் நின்ற பதாகைகளில் முதற் காரணம் மட்டுமே எழுதப்பட்டிருந்தது.

வெளியேறிய பின் நடந்தது என்ன? 2020 டிசம்பர் 24இல் முடிவான உடன்படிக்கையின்படி, பிரித்தானியக் கடலில் ஒன்றியத்துப் படகுகள் பிடித்துவந்த மீனின் பெறுமதியில் நாலிலொரு பங்கு, ஐந்தரை ஆண்டுகளிற் படிப்படியாகப் பிரித்தானியாவுக்கு மாற்றப்படுவதாயிற்று. அக்காலம் முடியுமுன்னரே, 2025 மே மாதத்தில், ஒன்றியத்துப் படகுகளுக்கான அனுமதி 2038 வரை நீடிக்கப்பட்டது. உள்நாட்டிலோ, முன்னிருந்த பங்குகள் பழைய பதிவின்படியே தொடர்ந்தன. புதிதாக வந்த பங்கில் ஒரு பகுதி மாத்திரம் சிறு படகுகளுக்கென ஒதுக்கப்பட்டது. நாடு கூட்டை விட்டு வெளியேறிற்று; பழைய பதிவேடு வீட்டுக்குள்ளேயே இருந்தது.

திருவுளச்சீட்டுங்கூட இக்கதையில் இடம்பெற்றது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பிரித்தானியா வெளியேறுவதால், இலண்டனில் இருந்த ஐரோப்பிய மருந்துகள் முகவரகத்தை வேறு நகருக்கு மாற்றவேண்டியதாயிற்று. 2017 நவம்பர் 20ஆந் திகதி நடந்த இறுதி வாக்கெடுப்பில் மிலானும் ஆம்ஸ்டர்டாமும் சமமான வாக்குகளைப் பெற்றன. ஈற்றில் சீட்டுக் குலுக்கப்பட்டு ஆம்ஸ்டர்டாம் வென்றது. மிலான் நகரத்தார் வருந்தினர். பின்னர் வழக்கும் தொடுத்தனர். ஆயினும் அவர்கள் நகரின் பெயர் குடத்துக்குள் இருந்தது. இலண்டனிலிருந்த அம்முகவரகத்தில் வேலை செய்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய ஊழியர்கள் எந்தக் குடத்திலும் இல்லை.

இனி வாக்கெடுப்பைப் பார்ப்போம். 2016 யூன் 23இல் வெளியேறவேண்டும் என 17,410,742 பேரும், இருக்கவேண்டும் என 16,141,241 பேரும் வாக்களித்தனர். நூற்றுக்கு 51.9 வீதமும் 48.1 வீதமும். ஸ்கொட்லாந்தில் 62 வீதத்தினரும் வட அயர்லாந்தில் 55.8 வீதத்தினரும் இருக்கவே விரும்பினர். எண்ணியதில் குறையில்லை. இரு பெட்டிகளில் எது பாரமானது என்பது நேர்மையாகவே கணிக்கப்பட்டது. சிறுவனின் கை இங்கும் சுத்தமானது. ஆனால் யாருடைய ஓலைகள் குடத்துள் இடப்பட்டன?

அத்தீர்மானத்தின் பயனை ஆகக் கூடிய காலம் அனுபவிக்கப்போகும் பதினாறு, பதினேழு வயதினருக்கு வாக்கில்லை. இரண்டே ஆண்டுகளின் முன், 2014இல், ஸ்கொட்லாந்தின் சுதந்திரம் பற்றிய வாக்கெடுப்பில் அதே வயதினருக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. பிரித்தானியாவில் வாழ்ந்த ஏறத்தாழ முப்பது இலட்சம் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுள் அயர்லாந்து, மால்டா, சைப்பிரஸ் நாட்டினர் நீங்கலாக ஏனையோருக்கு வாக்கில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பிற நாடுகளில் வாழ்ந்த பிரித்தானியருக்கும் வாக்கில்லை. ஆனால் பிரித்தானியாவில் முறைப்படி வதிந்த பொதுநலவாய நாட்டுக் குடிமக்களுக்கு வாக்கிருந்தது. நம் நாடு அவற்றுள் ஒன்று. முதல் ஆண்டு படிப்புக்காக இலண்டன் சென்ற இலங்கை மாணவன் ஒருவன் பதினெட்டு வயது நிரம்பியவனாயின், அந்நாடு ஐரோப்பாவில் இருப்பதா விலகுவதா என்று தீர்மானிக்கப் பங்குபற்றலாம். அதே தெருவில் பத்தாண்டுகள் பேக்கரியில் வேலை செய்து வரி கட்டிய போலந்துப் பெண்ணுக்கு, அவளுடைய வாழ்வே கேள்விக்குறியாகும் அவ்விடயத்தில் வாக்கில்லை. பழைய சாம்ராச்சியம் விட்டுச்சென்ற பட்டியல் அது. இங்கும் ஒரு பழம் பதிவேடே பேசியது.

வெளியேற்றத்தின் பின் அப்பெண்ணைப் போன்றோர் எவ்வாறு கணிக்கப்பட்டனர் என்பதும் நம் ஆய்வுக்குரியது. ஐந்தாண்டுகள் தொடர்ச்சியாக வாழ்ந்ததை நிரூபித்தவருக்கு நிரந்தர வதிவு. அதற்குக் குறைந்தவருக்குத் தற்காலிக வதிவு. விண்ணப்பிக்க இறுதி நாள் 2021 யூன் 30. புதிதாக வேலைக்கு வரவிரும்புவோருக்கு 2021 ஜனவரி முதல் புள்ளிமுறை. தொழில், சம்பளம், ஆங்கில அறிவு முதலியவற்றைக் கூட்டி எழுபது புள்ளி பெறவேண்டும். உதைபந்தாட்டக் கழகத்தின் சீட்டு மேசைக்கும் அரசின் குடிவரவு மேசைக்கும் இடையே உள்ள ஒற்றுமையை நான் கூறத்தேவையில்லை.

இவ்விடத்தில் எதிர்வாதமொன்று எழும். அதைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. பெரும்பான்மை மக்கள் ஒன்றைத் தீர்மானித்த பின், குடத்தைப் பற்றியும் ஓலையைப் பற்றியும் பேசுவது தோற்றவர்களின் புலம்பலல்லவா? மேலும், பொருளாதாரக் கூட்டு முதலாளிகளின் கூட்டே என்று இடதுசாரிகள் பலர் நெடுங்காலம் சொல்லிவந்தனர். 1975இன் வாக்கெடுப்பில் தொழிற்கட்சியின் இடதுசாரித் தலைவர் டோனி பென் கூட்டை விட்டு விலகவேண்டும் என்றே பிரசாரஞ் செய்தார். அன்று 67 வீதத்தினர் இருப்பதற்கு வாக்களித்தனர். விலகும் உரிமை மக்களுக்கு இல்லையென நாம் எவ்வாறு கூறமுடியும்?

அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. 2016இல் விலக வாக்களித்தவர்களை அறிவிலிகள் என்று நகைப்பவர்களுடன் எனக்கு உடன்பாடுமில்லை. சண்டலண்ட் நகரை நோக்குங்கள். கப்பல் கட்டிய ஊர் அது. 1988இல் கப்பற்றளங்கள் மூடப்பட்டன. நிலக்கரி தோண்டிய ஊர் அது. 1993இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. அச்சுரங்கத்தின் நிலத்திலேயே 1997இல் உதைபந்தாட்டக் கழகத்தின் புதிய மைதானம் எழுந்தது. தந்தையர் நிலத்துக்கடியில் உழைத்த இடத்தில் மைந்தர் கதிரைகளில் அமர்ந்து ஆட்டம் பார்த்தனர். அந்நகரின் 61 வீதத்தினர் விலகவே வாக்களித்தனர். சுமார் பன்னிரண்டு மைல் தொலைவில் உள்ள, உதைபந்தாட்டத்தில் அவர்களின் பரம வைரியான நியூகாசில் நகரமோ, மயிரிழையில் 50.7 வீதத்தால், இருக்க வாக்களித்தது.

சண்டலண்டின் தொழிலாளிக்கு ஐரோப்பா என்ன தந்தது? 1986இல் அங்கே தொடங்கப்பட்ட யப்பானிய மோட்டார்த் தொழிற்சாலை, ஐரோப்பியச் சந்தைக்குக் கார்களை அனுப்பி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது. அது உண்மை. ஆயினும், இருபத்தேழு நாடுகளில் எங்கும் சென்று வாழலாம், படிக்கலாம், தொழில் செய்யலாம் என்று அவனிடம் கூறப்பட்டபோது, அது அவனுக்கு வெளியூர்ச் சீட்டைப் போன்றே இருந்தது. சட்டப்படி அவன் பெயரும் பட்டியலில் உண்டு. ஆனால் பயணச் செலவும், மொழியும், ஓய்வும் உள்ளவர்களுக்கே அது பயன்பட்டது. புள்ளி சேராத ரசிகன் ஒரு நாள் எழுந்து, 'எனக்குக் கிடைக்காத சீட்டு எவருக்கும் வேண்டாம்' என்று கூறினால், அவனைக் கோபிப்பதற்கு முன் அவனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பதே முறை. அதே வேளையில் அவனிடமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சீட்டைக் கிழிப்பதால் உனக்கு இடம் கிடைத்துவிடாது, உன் பிள்ளைக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடமும் அதனோடு போகிறது.

1970இல் அல்பேட் ஹேர்ஷ்மன் என்ற பொருளியலறிஞர் வெளியேற்றம், குரல், விசுவாசம் என்பவை பற்றி ஒரு நூல் எழுதினார். தாம் சார்ந்த நிறுவனம் சீர்கெடும்போது மனிதர் ஒன்றில் அதை விட்டு வெளியேறுவர், அல்லது உள்ளிருந்து குரல் எழுப்புவர். எதைத் தெரிவர் என்பதில் விசுவாசத்துக்குப் பெரும் பங்குண்டு என்பது அவர் கருத்து. முப்பது பவுண் வரம்பைப் பெற்றுத் தந்தது குரல். வெளியேற்றமும் எப்பொழுதும் தவறானதன்று. 2005இல் அமெரிக்கக் குடும்பமொன்று கடன் சுமையோடு மன்செஸ்டர் யுனைடெட் கழகத்தை வாங்கியபோது, அதன் ரசிகருள் ஒரு பகுதியினர் வெளியேறித் தமக்கென வேறொரு கழகத்தை நிறுவினர். அதில் எவ்வளவு பணம் போட்டவராயினும் ஆளுக்கு ஒரு வாக்கு. பத்தாண்டுகளின் பின் தமக்கென மைதானமும் கட்டினர். மேல்மட்ட லீக்கிலிருந்து பல படிகள் கீழேதான் அவர்கள் விளையாடுகிறார்கள். ஆனால் அவர்கள் செய்த குடம் பழைய குடத்திலும் அகன்றது.

வெளியேற்றத்தை மதிப்பிடுவதற்கான அளவுகோல் இதுவே என்பது என் துணிபு. ஒருவன் கூட்டை விட்டு விலகினான் என்பதால் அவன் விடுதலை பெற்றவனுமாகான், துரோகியுமாகான். விலகிய பின் அவன் செய்த குடத்தில் முன்பு இடப்படாத ஓலைகள் இடப்பட்டனவா? பதினாறு வயதினள், சிறு படகுக்காரன், அயல்நாட்டுத் தொழிலாளி ஆகியோர் உள்ளே வந்தனரா, இன்னும் வெளியே நிறுத்தப்பட்டனரா? மன்செஸ்டர் ரசிகர் விடயத்தில் வந்தனர் என்போம். பிரித்தானியாவின் வெளியேற்றத்தில், நான் மேலே காட்டிய அளவில், பெரும்பாலும் வரவில்லை. அதனாலேயே அது குறைபாடுடையது. எண்ணிக்கையில் தோற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதனாலன்று.

விலை, பழமை, குலுக்கல் என்ற மூன்றில் எதுவும் தன்னளவில் நீதியாகாது. தியாகம் செய்தவனுக்கு நன்றி வேண்டும். ஆகவே பழமைக்கு ஒரு பங்கு இருக்கட்டும். நேற்றுப் பிறந்தவனுக்கு வாயில் வேண்டும். ஆகவே குலுக்கலுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். சில கழகங்கள் ஒரு பகுதியைப் புள்ளிப்படியும் மற்றொரு பகுதியைக் குலுக்கியும் கொடுப்பது இதை உணர்ந்தே. எந்த விகிதத்தில் என்பதைத் தத்துவஞானி எவரும் வீட்டிலிருந்து சொல்லமுடியாது. அதைத் தீர்மானிக்கும் சபையில், சீட்டுக் கிடைக்காமற் போகப் போகிறவனுக்கும் ஓர் ஆசனம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இழப்பைச் சுமப்பவனின் சொல்லும் கலந்து எழுந்த விதிக்கு அவன் பணிவதில் மானக்குறைவு இல்லை. அவனைக் கேளாது எழுந்த விதி எவ்வளவு சிறந்ததாயினும் அவனுக்கு அது பிறர் இட்ட பிச்சையோ பிறர் போட்ட பூட்டோதான்.

அந்தச் சுற்றுலா முடிந்து மறுதவணையில் நான் வரவுப் பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டு, அடுத்த முறை இடங்களை எப்படிப் பிரிக்கலாம் என்று வகுப்பையே கேட்டேன். ஒரு மணி நேரம் வாதாடினார்கள். பாதி இடங்கள் மன்றத்துக்கு வந்தவர்களுக்கு, பாதி குலுக்கலில், ஒரு முறை போனவர் அடுத்த முறை விலகி நிற்கவேண்டும் என்று முடிவாயிற்று. உத்தரமேரூரைப் பற்றி நான் அவர்களுக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்கு ஓடவேண்டிய அப்பெண் அன்று ஒரு திருத்தம் கொண்டுவந்தாள்: மன்றக் கூட்டத்தைப் பள்ளி நேரத்துக்குள் வைத்தால், யார் உண்மையில் வர விரும்புகிறார்கள் என்று தெரிந்துவிடும் என்றாள். எனக்கு அது தோன்றியிருக்கவேயில்லை.